இதய உறை அழற்சி என்று மருந்து கொடுத்தும் நீர் திரும்ப வருகிறது. கட்டியாக இருக்குமா?

அப்பாவுக்கு நெஞ்சுவலி, இதயத்தைச் சுற்றி நீர், பெரிகார்டைடிஸ் (இதய உறை அழற்சி) என்று சொல்லி அழற்சியைக் குறைக்கும் கோல்சிசின் மாத்திரை கொடுத்தார்கள், நீரை எடுத்துவிட்ட பிறகும் திரும்பக் கட்டிக்கொண்டது, இப்போது டிபி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், இது கட்டியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, கிருஷ்ணகிரியில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவன். முதலில் ஒன்று, டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் இதய உறையில் நீர் கோத்து நாளாகியும் வற்றவில்லை என்றால் முதலில் டிபியைச் சந்தேகிப்பது சரியான மருத்துவம்தான், அந்த நீரில் கிருமி எளிதில் சிக்காது என்பதால் பல நேரம் சந்தேகத்தின் பேரில்தான் மருந்தை ஆரம்பிக்கிறார்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டி மிக அரிது, பிரேதப் பரிசோதனைக் கணக்குகளில் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் அளவுதான், அதிலும் நான்கில் மூன்று புற்றுநோயே இல்லை.

ஆனால் மீதியில் ஆஞ்சியோசார்கோமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது. பெரும்பாலும் வலது மேலறைச் சுவரில் வரும், உறையையும் பிடித்துக்கொள்ளும், அதனால் வலி, காய்ச்சல், மூச்சிரைப்பு, நீர் என்று அச்சு அசலாக அழற்சி மாதிரியே தெரியும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு அப்படித்தான் இருந்தது. எடுத்த நீர் சிவப்பாக இருந்தது (டிபியிலும் சிவப்பாக வரும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்), அதைச் சோதித்ததில் புற்றணு எதுவும் இல்லை என்றே ரிப்போர்ட் வந்தது. நீர் குறைந்த பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே ப்ரோபை (எக்கோ கருவியில் உடம்பில் வைத்துப் பார்க்கும் முனையை) அழுத்திச் சாய்த்துப் பார்த்தபோது வலது மேலறையின் வெளிச்சுவர் ஓரிடத்தில் தடித்துத் தெரிந்தது. டிபியில் நீருக்குள் நூல்நூலாக இழைகள் மிதந்து ஆடும், இது ஆடவில்லை, அந்த இடத்தில் சுவரும் சுருங்கவில்லை. டாக்டரை உடனே கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பெங்களூருக்கு அனுப்பினார், அங்கே எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்துதான் பெயர் தெரிந்தது. உங்களிடம் மறைக்கவில்லை, அவர் பிழைக்கவில்லை, அந்த நோய் அவ்வளவு கொடியது. ஆனாலும் இல்லாத டிபிக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்காமல், என்ன நோய் என்று தெரிந்துகொண்டு வைத்தியம் பார்த்தார்கள், அது பெரிய விஷயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நீரில் புற்றணு இல்லை என்று வந்தால் கட்டியே இல்லை என்று அர்த்தமில்லை, இதைத்தான் வீட்டில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாதாரண எக்கோவிலும் அந்தச் சுவர் எல்லோருக்கும் தெளிவாகக் கிடைக்காது. நீர் மறுபடி மறுபடி வந்தால், மருந்து ஆரம்பித்துச் சில வாரமாகியும் காய்ச்சலும் எடைக்குறைவும் நிற்கவில்லை என்றால், நுரையீரலில் புதுப் புள்ளிகள் தெரிந்தால், "வலது மேலறையைத் தனியாகப் பார்த்தீர்களா சார், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் தேவைப்படுமா" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்கவே வேண்டாம்.

இன்னொன்று, மிக்ஸோமா. அது பெரும்பாலும் இடது மேலறையில் வரும் சாதுவான கட்டி, ஆனால் காய்ச்சல், மூட்டுவலி, ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏற்றம் எல்லாம் காட்டி வால்வுத் தொற்று மாதிரியும் வாதக் காய்ச்சலால் வரும் வால்வு நோய் மாதிரியும் ஏமாற்றும், எக்கோவில் கட்டி வால்வு வழியாக உள்ளே போய்ப் போய் வருவது தெரியும். அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் நன்றாகிவிடுகிறார்கள், 1954-லேயே ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்ட் என்ற சர்ஜன் அதை வெற்றிகரமாக எடுத்திருக்கிறார்.

அப்புறம், சேலமோ பெங்களூரோ போவதாக இருந்தால் எக்கோ ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, வீடியோ பதிவை சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை எடுத்ததையும் சேர்த்து வாங்குங்கள், சுவர் முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி.