"சொன்னால் செய்வார்"

அன்புள்ள மேடம்,

எனக்கு 33 வயது. திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க நோயாளிகளின் அறிக்கைகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸுக்கான குறியீடு (கோட்) போடும் வேலை. மூன்று வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறேன். கணவர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 7.30 ஆகும். மகள் இரண்டாம் வகுப்பு. முட்டிவலியோடு மாமியாரும் எங்களோடு இருக்கிறார்.

காலை 5.30-க்கு எழுந்து, சமைத்து, மகளை வேன் ஏற்றிவிட்டு 9 மணிக்கு லாகின். ஒரு நாளைக்கு 80 சார்ட் (நோயாளி அறிக்கை) முடிக்க வேண்டும், தரம் 95 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. நடுவில் குக்கர் விசில், கூரியர், அத்தைக்கு மாத்திரை, 3.40-க்குத் திரும்பி வரும் வேன். "வீட்லதானே இருக்கே, இதையும் ஒரு கை பாத்துடேன்" என்று அத்தை சொல்லாத நாளில்லை. டார்கெட் முடியாமல் இரவு 9 மணிக்கு மறுபடி உட்கார்ந்து 11 வரை வேலை. அப்புறமாவது தூங்க வேண்டாமா? போனைக் கையில் எடுத்தால் ரீல்ஸ் பார்த்தே 1 மணி ஆகிவிடுகிறது.

போன மாதம் ஒரு அறிக்கையில் வலது முழங்கால் என்று தெளிவாகவே இருந்தது. நான் இடது பக்கத்தைக் குறிக்கும் மாடிஃபையரை (துணைக் குறியீட்டை) போட்டிருக்கிறேன். அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதே மாதிரி இன்னும் சில தவறுகளும் ஆடிட்டில் மாட்டி, தரம் 93-க்கு இறங்கி, இன்சென்டிவ் போய்விட்டது. அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆபீஸ் போன காலத்தில் நான் இப்படி இல்லை. பஸ்ஸில் அரை மணி நேரம் ஜன்னலோரம் பாட்டுக் கேட்டபடி வருவேன். இப்போது டைம்டேபிள் எழுதி ஒட்டினேன், 25 நிமிட டைமரும் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கணவரைக் குறை சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் செய்வார். சோம்பல் என்னிடம்தான். எனக்கு ஒரு நல்ல டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள்.

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

டைம்டேபிள் நான் தரப்போவதில்லை. காலை 5.30 முதல் இரவு 11 வரை பதினேழரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவர் தன்னைச் சோம்பேறி என்று எழுதியிருப்பதைப் படித்தபோது மனசு கனத்தது. முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

25 நிமிடம் ஒரே வேலை, பிறகு சின்ன இடைவேளை என்ற அந்த டைமர் முறையை 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ தன் கல்லூரிப் படிப்புக்காக உருவாக்கினார். இடையில் யாரும் கூப்பிடாத இடத்தில் அது நன்றாக வேலை செய்யும். உங்கள் 25 நிமிடத்தில் விசில் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் ஆய்வு செய்து காட்டினார். பாலை இறக்கிவைக்க ஆனது அரை நிமிடம்தான். நாற்காலிக்குத் திரும்பிய பிறகும் மனசு அடுப்படியிலேயே நின்றது. நாலரை மணி நேரத் தூக்கமும் சேர்ந்துகொள்ள, வலது இடதாகிவிட்டது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

ஆடிட்டில் தவறான சார்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று பாருங்கள். வேன் வரும் நேரத்தை ஒட்டியும் இரவு 9-க்குப் பிறகும்தான் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் கடினமான சார்ட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு அத்தையிடம் ஓர் அடையாளம் சொல்லி வையுங்கள்: "நாற்காலி மேல சிவப்புத் துண்டு கிடந்தா நான் ஆபீஸ்ல இருக்கேன் அத்தை." அவர் உங்களை வேண்டுமென்றே தொந்தரவு செய்யவில்லை. திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று அவர் கண்ணுக்குத் தெரிய ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமையே ஏழு நாள் டப்பாவில் போட்டு அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடலாம்.

நீங்கள் இழந்தது அந்த பஸ் பயணத்தை. ஆபீஸ் முடிந்தது, வீடு இன்னும் வரவில்லை என்ற அந்த அரை மணி நேரத்தில் யாருக்கும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது பறிபோனதால்தான் நடுராத்திரியில் தேடுகிறீர்கள். வீடே தூங்கிய பிறகுதானே உங்களை யாரும் கூப்பிடுவதில்லை? ரீல்ஸுக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அந்த நேரம் உங்களுக்குத் தேவை. தூக்கத்திலிருந்து அதை எடுப்பதுதான் பிரச்சினை. மாலை லாக்-அவுட் செய்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை அரை மணி நேரம் போய் வாருங்கள். காய்கறிப் பை வேண்டாம். பை எடுத்தால் அதுவும் வேலையாகிவிடும்.

இரவு போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகம் 57 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். இரவு 9-க்கு மேல் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, அந்தக் கணக்கோடு உங்கள் டீம் லீடிடம் பேசுங்கள். எண்களில் ஓடும் வேலைக்கு எண்களைக் காட்டித்தான் பேச வேண்டும்.

இப்போது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "எதைச் சொன்னாலும் செய்வார்." நம் நாட்டில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இது கை செய்கிற வேலையின் கணக்கு. பால் தீர்ந்தது, பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள், அத்தையின் மருத்துவர் தேதி என்று நாள் முழுக்க நினைவில் சுமப்பது இதில் வராது. சொல்ல வேண்டியிருக்கும்வரை அந்த வேலை உங்கள் தலையில்தான் இருக்கிறது. உங்கள் கணவர் நல்லவர் என்பதை நம்புகிறேன். அதனால்தான் இதை அவரிடம் பேசச் சொல்கிறேன். ஒரு வேலையைக் கொடுத்தால் நினைவு வைப்பது முதல் முடிப்பது வரை முழுதாகக் கொடுங்கள். முதல் மாதம் அவர் மறப்பார். அப்போது நடுவில் புகுந்து நீங்கள் செய்துவிடாதீர்கள், உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எதிலும் பிடிப்பே இல்லாமல் போனால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

சமையல் எரிவாயு சிலிண்டர் உங்கள் போன் எண்ணில்தான் பதிவாகியிருக்கும். இந்த வாரமே அதை அவர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த சிலிண்டர் எப்போது தீரும் என்ற கவலை அவருடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்