விற்கப்போகும் வீட்டில் எதைச் செய்வது, எதை விடுவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. செந்தூலில் இருக்கும் எங்கள் இரட்டை மாடித் தொடர் வீட்டை விற்கிறோம். இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த வீடு. அம்மாவை என்னோடு பூச்சோங்குக்கு அழைத்துக்கொள்ளப் போகிறேன். வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு "பிறகு சொல்கிறோம்" என்று போய்விடுகிறார்கள். பழைய சாமானை எடுத்துவிட்டு புது சோபா, சாப்பாட்டு மேசை, திரைச்சீலை எல்லாம் போட்டால் உடனே போய்விடும், பதினைந்தாயிரம் வெள்ளி ஆகும் என்கிறார் ஏஜெண்டு. செய்யலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். – வாசகி, செந்தூல்

பதில்: அந்தப் பதினைந்தாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், தங்கச்சி. படங்களைப் பார்த்தேன். மாடிப்படி ஏறும் இடத்தில், சீலிங்கில், டீ கொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது, அதற்குள்ளேயே இன்னொரு சின்ன வட்டம். தினமும் பார்க்கிற உங்களுக்கு அது பழகிப் போயிருக்கும். வீடு பார்க்க வருகிறவருக்கு அது முதல் நிமிஷமே கண்ணில் படும். மேலே குளியலறை ஒழுகுகிறதா, கூரை ஓடு விலகியிருக்கிறதா, குழாயையே மாற்ற வேண்டுமா என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கணக்கு எப்போதும் உண்மையான செலவைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவருக்குத் தெரியாத வீடு அது. அதற்குக் கீழே எவ்வளவு நல்ல சோபா போட்டாலும் அவர் உட்கார மாட்டார்.

அதனால் முதல் பணம் அங்கே போகட்டும். வட்டத்துக்குள் வட்டம் இருந்தால் ஒரு தடவைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே சாயம் மட்டும் அடித்தால் கொஞ்ச நாளிலேயே திரும்ப வந்துவிடும், வீடு பார்க்க ஆள் வந்து நிற்கும்போது வந்தாலும் வரும். மேல்மாடிக் குளியலறையின் தரையிலா, கூரையிலா என்று ஆளை வைத்துப் பார்த்து, சரிசெய்து, நன்றாகக் காயவிட்டு, கறையை அடைக்கும் சீலர் ஒரு கோட் அடித்து, அப்புறம் சாயம் அடியுங்கள். வேலை செய்தவரின் ரசீதை பத்திரமாக வைத்திருந்து, கேட்கிறவர்களிடம் காட்டுங்கள். ஒழுகியது, சரிசெய்தோம், இதோ ரசீது என்று சொல்கிற வீட்டுக்காரரை எல்லோரும் நம்புவார்கள். மறைக்கிறவரை யாரும் நம்புவதில்லை. கதவு நிலைகளையும் சமையலறை அலமாரிகளையும் விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்டால் கரையான் இருக்கலாம். அதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வாங்க வேண்டாம், எடுங்கள். உங்கள் ஹாலில் இரண்டு சுவரிலும் கண்ணாடி அலமாரி நிற்கிறது. இரண்டு செட் சோபா, துணி காயும் ட்ரெட்மில் வேறு. இருபதடி அகலத் தொடர் வீட்டில் இத்தனையும் இருந்தால் ஒரு ஆள் ஒதுங்கி நடக்கிற வழிதான் மிஞ்சும். ஒரு அலமாரியும் ஒரு சோபா செட்டும் ட்ரெட்மில்லும் வெளியே போனாலே ஹால் அகலமாகிவிடும், லோரி வாடகையோடு முடிந்துவிடும் வேலை. அலமாரியில் இருக்கும் உங்கள் பள்ளிக் கோப்பைகளையும் எவர்சில்வர் பாத்திரங்களையும் அம்மாவே பிரித்து வைக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு சனிக்கிழமையில் முடிகிற காரியமில்லை அது. எது பூச்சோங்குக்குப் போகும், எது சொந்தக்காரர்களுக்குப் போகும் என்று அவர் வாயால் சொன்னால்தான் அவருக்கும் வீட்டை விட்டுப் போக மனம் வரும்.

மேலே மூன்றாவது அறையை ஸ்டோர் ஆக்கி வைத்திருக்கிறீர்கள். அதைக் காலி செய்தே ஆக வேண்டும். மூன்று அறை வீடு என்று விளம்பரம் போட்டுவிட்டு இரண்டைக் காட்டினால் எப்படி? பெட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஒரு குவீன் கட்டிலை அங்கே போட்டு, சுத்தமான வெள்ளை விரிப்பு விரியுங்கள். "இதில் குவீன் கட்டில் போடலாமா?" என்பது பெரும்பாலும் எல்லோரும் கேட்கிற கேள்வி, நீங்கள் வாயைத் திறக்காமலே பதில் கிடைத்துவிடும். போடவே முடியாத அளவு சின்ன அறை என்றால் ஒற்றைக் கட்டிலும் ஒரு படிப்பு மேசையும் போதும்.

விளக்குகளையும் கவனியுங்கள். படத்தில் ஹாலில் ஒன்று மஞ்சள், ஒன்று நீல வெள்ளை. எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்கு மாற்றுங்கள், 4000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும், அது கண்ணுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. வாசலில் துருப்பிடித்த கேட்டுக்கு ஒரு டின் சாயம், காய்ந்துபோன பூச்சட்டிகள் குப்பைக்கு.

ஏஜெண்டிடம் ஒன்று சொல்லுங்கள். வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுக்கும்போது வீட்டைத்தான் மதிப்பிடும், சோபாவை அல்ல. முதல் இரண்டு வீடுகளுக்கு 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கலாம், அதுவும் விற்பனை விலை, மதிப்பீட்டு விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். தளவாடச் செலவை ஈடுகட்ட நீங்கள் விலையை மதிப்பீட்டுக்கு மேல் ஏற்றினால், அந்தக் கூடுதல் பணத்தை அவர் கையிலிருந்து போட வேண்டும். செந்தூலில் தரை வீடு தேடுகிற இளம் குடும்பங்களிடம் கைக்காசு எவ்வளவு இருக்கும்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீடு. ஏஜெண்டு சீனர், நல்ல மனிதர்தான். ஆனால் சாமி அறையை எடுத்துவிட்டால்தான் எல்லா இனத்தவரும் வாங்க வருவார்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம். என்ன செய்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: எடுக்க வேண்டாம் ஐயா. நீங்கள் குடியிருக்கும்வரை விளக்கு எரியட்டும். ஆனால் இரண்டு மூன்று காரியம் செய்யலாம். விளம்பரப் படத்தில் சாமி அறை வேண்டாம். விற்பனைக்காகச் சொல்லவில்லை, அந்தப் படங்கள் யார் யார் கைப்பேசிக்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது, அது சாமிக்குச் செய்கிற மரியாதையும் இல்லை. வீடு பார்க்க ஆள் வரும் நேரத்துக்கு முன்னால் சாம்பிராணி போடாதீர்கள், வாசனை பழகாதவர்களுக்கு மூச்சு முட்டும். காலையிலேயே பூசை முடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அறைக்கு ஒரு திரையை இழுத்து விட்டால் போதும்.

மேடையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். பளிங்கு போட்டுக் கட்டிய மேடை என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தால் "சாமி அறை எங்கே?" என்றுதான் முதலில் கேட்கும், அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். மலாய்க்காரரோ சீனரோ வாங்கினால், அதை என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

வீடு கைமாறுவது உறுதியானதும், நல்ல நாள் பார்த்து சாமி படங்களையும் விளக்கையும் முதலில் புது வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கோயில் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த அறையைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை. வருஷக்கணக்கில் எரிந்த கற்பூரமும் எண்ணெய் விளக்கும் மேடைக்கு மேலே சீலிங்கில் கறுப்பாக ஒரு நாக்கு மாதிரிப் படிந்திருக்கும். கதவு நிலையில் மஞ்சளும் குங்குமமும் மரத்துக்குள் இறங்கியிருக்கும். இதன்மேல் சாதாரண எமல்ஷன் அடித்தால் இரண்டு கோட்டுக்குப் பிறகும் பழுப்பாக வெளியே வரும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சுடுநீரில் கலந்து எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் கலந்த சீலர் ஒரு கோட், அதன்மேல் சாயம். ஆள் வைத்துச் செய்தால் சீலர் அடித்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், பலர் அதைத் தாண்டிவிடுவார்கள்.

கேள்வி: அக்கா, செத்தாப்பாக்கில் எனக்கு ஒரு கொண்டோ இருக்கிறது. வாங்கி நான்கு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. வாடகைக்கு இருந்தவர் போன பிறகு பல மாதமாகப் பூட்டியே கிடக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு நாற்றம். வெறும் வீடாகவே விற்கலாமா, தளவாடம் போட்டு விற்கலாமா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: நாற்றத்தில் இருந்து ஆரம்பிப்போம் தம்பி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் பெரும்பாலும் அது குளியலறைத் தரையில் இருக்கும் வடிகாலில் இருந்துதான் வரும். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, கீழிருந்து வரும் சாக்கடைக் காற்றை மறிக்கும். ஆள் புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். இரண்டு குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. வாரம் ஒருமுறை போய் இதைச் செய்து, அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு மூடிய அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் வேண்டாம். வாசனைத் திரவியம் மட்டும் அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். மின்சாரத்தையும் வெட்டிவிடாதீர்கள், சிலர் மாசக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வெட்டிவிட்டு, டார்ச் லைட் வைத்து வீடு காட்டுகிறார்கள்.

தளவாடம் பற்றி. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். துங்கு அப்துல் ரகுமான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (TAR UMT) பக்கத்தில் இருக்கிறது, மாணவர்களுக்கு வாடகை விட நினைப்பவர்கள்தான் உங்கள் வீட்டைப் பார்க்க அதிகம் வருவார்கள். அவர்களுக்கு அலங்காரம் வேண்டாம். கட்டில், மேசை, ஏர்கான், வாட்டர் ஹீட்டர், துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி, இவை ஓடினால் அடுத்த மாதமே ஆள் வைக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். இதில் இல்லாததை மட்டும் வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாக ஓட வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள், வழக்கறிஞர் எப்படியும் கேட்பார்.

நீங்கள் கேட்காத ஒன்று. நம் குடிமக்கள் வீட்டை வாங்கிய ஐந்தாவது வருஷத்தில் விற்றால் ஆதாயத்தில் 15 விழுக்காடு வரி, ஆறாவது வருஷத்தில் இருந்து வரியே இல்லை. நாள் எண்ணுவது பொதுவாக விற்பனை ஒப்பந்தத்தின் தேதியை வைத்துத்தான். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான். சுத்தம் செய்து, படம் எடுத்து, விளம்பரம் போட்டு, ஆள் பிடிக்கவே அவ்வளவு ஆகிவிடும். கையெழுத்துப் போடும் தேதியை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்த வரியிலிருந்து ஆயுளுக்கு ஒருமுறை கிடைக்கும் விலக்கை இதற்குப் போய்ச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் மாமாவின் பழைய கடைவீட்டை விற்கிறோம். தரையில் பூப்போட்ட பழைய ஓடு, பார்க்க ரொம்பப் பழசாக இருக்கிறது. மேலே வினைல் ஒட்டி, சுவருக்குப் பளிச்சென்று புது சாயம் அடித்து, பொய் சீலிங் போட்டால் நல்ல விலை வருமா? – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: தயவுசெய்து அந்த ஓட்டின்மேல் எதையும் ஒட்டாதீர்கள்! அந்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் அந்தத் தரைக்காகத்தான் வருகிறார்கள். 2008இல் ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததில் இருந்து இப்படிப்பட்ட வீட்டை வாங்குகிறவர்கள் தங்கும் விடுதி, காப்பிக்கடை, கலைக்கூடம் என்று ஒரு எண்ணத்தோடுதான் வருகிறார்கள். பசை ஒட்டிய ஓட்டை மீட்பது பெரும்பாடு. மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும், கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், சிமெண்டு ஓட்டின் நிறத்தை அரித்துவிடும்.

சுவரும் அப்படித்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் மாதிரிப் படியும் நவீனச் சாயத்தையோ சிமெண்டுப் பூச்சையோ போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, சாயம் பொரிப் பொரியாக உதிரும். சுண்ணாம்பு அடியுங்கள், அந்த வீட்டுக்கு ஏற்றது அதுதான். பொய் சீலிங் போட்டு மரச் சட்டங்களை மறைக்கவும் வேண்டாம். எதைச் செய்வதாக இருந்தாலும் வீடு பாரம்பரிய எல்லைக்குள் வருகிறதா, அனுமதி வேண்டுமா என்று பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் முதலில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் மாற்றிக் கட்டியது தெரிந்தால் வாங்குபவரின் வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. நடுவில் வானம் தெரியும் முற்றத்தில் குவித்த சாமானையும், வாசலில் ஐந்தடி நடைபாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிளையும் எடுத்துவிடுங்கள். மாமாவின் பளிங்கு மேசையும் இரண்டு நாற்காலியும் மட்டும் முற்றத்தை ஒட்டி நிற்கட்டும். காலை பத்து மணி வாக்கில் முற்றத்தில் வெளிச்சம் இறங்கும்போது படம் எடுங்கள்.

கேள்வி: வீட்டை வாங்குபவர் "எல்லாம் வைத்துவிட்டுப் போங்கள்" என்கிறார். வாய்ச்சொல் போதுமா? – வாசகர், கெப்போங்

பதில்: போதாது. முன்பணம் வாங்கும் கடிதத்திலேயே எது இருக்கும், எது போகும் என்று எழுதுங்கள். ஏர்கான் என்றால் எத்தனை, எந்த அறையில் என்று போடுங்கள், சமையலறை அலமாரி, மின்விசிறி, ஆட்டோ கேட் ரிமோட் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் படம் எடுத்து இரண்டு பக்கமும் புலனத்தில் அனுப்பிக்கொள்ளுங்கள். பாட்டி கொடுத்த தேக்கு ஊஞ்சலை நீங்கள் எடுத்துப் போவதாக இருந்தால், வீடு காட்டத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். பார்த்துவிட்டவர் கேட்கத்தான் செய்வார்.