வாடகை வீட்டில் பழைய வயரிங்: மாற்றித் தர வேண்டியவர் யார்?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 1,300 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வருட அக்ரிமெண்ட், எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஹாலில் ஒரு பிளக் பாயிண்ட் கருகிவிட்டது. அயர்ன் பெட்டி போட்டால் விளக்கு மங்குகிறது. மழை நாளில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) விழுந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் மாட்டிய வாட்டர் ஹீட்டரைப் போட்டால், குழாயில் கை வைக்கும்போது சுர்ரென்கிறது. அவரிடம் சொன்னதற்கு ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள், அடிக்கடி விழுந்துகொண்டிருந்த 20 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனார். வயரிங்கை முழுதாக மாற்றச் சொன்னால், "நீங்கள் சாமான் அதிகமாகப் போடுகிறீர்கள், உங்கள் செலவில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்" என்கிறார். வாடகையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: அம்மா, வாடகையை நிறுத்தாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் வாட்டர் ஹீட்டரை இன்றே நிறுத்துங்கள். அதன் சுவிட்சை அணைத்து, பிள்ளைகள் தெரியாமல் தட்டிவிடாதபடி மேலே டேப் ஒட்டுங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதற்கென்று தனி பிரேக்கர் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். குழாயில் சுர்ரென்றால், கசியும் மின்சாரத்துக்கு ஒழுங்கான எர்த் வழி இல்லை, உங்கள் உடம்புதான் வழியாகிறது என்று பொருள். இன்று சுர்ரென்பது, தரையும் கையும் நன்றாக நனைந்திருக்கும் ஒரு நாளில் உயிரை எடுத்துவிடும். கருகிய பிளக்கிலும், 32 ஆம்பியர் போட்ட சர்க்கியூட்டில் உள்ள மற்ற பிளக்குகளிலும் எதையும் சொருக வேண்டாம்.

அந்த பிரேக்கர் விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பிரேக்கர் காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒரே வழியாகப் போய் முடியும் சர்க்கியூட்டுக்கு 20 ஆம்பியர்தான் பொருத்தம். அதற்கு 32 போட்டால், பிரேக்கர் விழுவதற்குள் வயர் சூடேறி அதன் பி.வி.சி. உறை கெட்டு விரிசல் விட்டுவிடும். வளையமாகச் சுற்றி வந்து பெட்டியிலேயே முடியும் ரிங் சர்க்கியூட் என்றால் 32 ஆம்பியர் சரி. எது என்று சோதித்துப் பார்க்காமல், விழுகிறது என்பதற்காகப் பெரிய பிரேக்கர் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது. எச்சரிக்கை மணியின் வாயை அடைப்பது போன்றது அது. "பிரேக்கர் விழுவது நின்றுவிட்டதே" என்று வீட்டுக்காரர் வாதாடினால், உங்கள் பக்கத்துப் பதில் இதுதான்.

இப்போது "சாமான் அதிகம்" என்ற குற்றச்சாட்டு. வழக்கு என்று வந்தால் முழுச் சண்டையும் இந்த இடத்தில்தான் நடக்கும்: பழுது உங்கள் சாமானிலா, வீட்டின் வயரிங்கிலா? இதை வாய்ச்சண்டையாக விடாமல் நீங்களே ஓரளவு பிரித்துக் காட்டலாம். மழை பெய்து ஈ.எல்.சி.பி. விழும் நாளில், வீட்டில் உள்ள எல்லா பிளக்குகளையும் உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, உருவ வேண்டும். பெட்டியில் சின்ன பிரேக்கர்கள் அனைத்தையும் இறக்கி, ஈ.எல்.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். அது விழாமல் நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வாட்டர் ஹீட்டர் பிரேக்கரை மட்டும் தொட வேண்டாம். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த சர்க்கியூட்டின் வயரில் அல்லது அதில் நிலையாக மாட்டியிருக்கும் விளக்கு, காற்றாடியில் கசிவு இருக்கிறது. சாமான் எதுவும் சொருகாதபோது விழுந்தால் உங்கள் சாமான்மேல் பழி போட முடியாது. எல்லாம் இறங்கியிருந்தும் ஈ.எல்.சி.பி. நிற்கவில்லை என்றால், நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தோடு ஒட்டுகிறது, அல்லது ஈ.எல்.சி.பி.யே கெட்டுவிட்டது. கை ஈரமில்லாமல், காலில் ரப்பர் செருப்போடு, லீவர்களை மட்டும் தொடுங்கள். பெட்டியின் மூடியைத் திறக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் தேதியோடு வீடியோ எடுக்கட்டும்.

அடுத்து 15454-ஐ அழைத்து, மின்சாரம் விநியோகிக்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். விளக்கு மங்குவதற்கு அவர்கள் பக்கத்து இணைப்புத் தளர்ச்சியும் காரணமாக இருக்கலாம். மீட்டர் வரைக்கும் அவர்கள் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு வீட்டுப் பொறுப்பு. எங்கள் பக்கம் குறையில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், அந்தப் புகார் எண்ணும் உங்களுக்கு ஒரு சான்று. மீட்டர் பலகையில் உள்ள சீலை நீங்களோ, வீட்டுக்காரர் அனுப்பும் ஆளோ உடைத்துவிடக் கூடாது. அது தனிக் குற்றம்.

உண்மையில் கனமான சான்று, எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவு பெற்ற எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் தரும் சோதனை அறிக்கை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சோதிப்பவருக்கும் ஆணையம் தந்த தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். "வயரிங் பழசு" என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் அது நீதிமன்றத்தில் நிற்காது. ஒவ்வொரு சர்க்கியூட்டின் இன்சுலேஷன் அளவும், அதாவது வயரின் உறை மின்கசிவைத் தடுக்கும் திறனும், எண்ணில் வர வேண்டும். 500 வோல்ட்டில் சோதித்து 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த வயரை நம்ப முடியாது. எர்த் வயர் அறுபடாமல் தொடர்கிறதா, எர்த் கம்பியின் அளவு, ஈ.எல்.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது, ஒவ்வொரு பிரேக்கரும் அதன் வயர் கனத்துக்குப் பொருந்துகிறதா, கூரைக்குள் வயர் உறை தொட்டால் உதிர்கிறதா, எலி கடித்திருக்கிறதா, ஹீட்டருக்குத் தனி வயர் போகிறதா அல்லது சமையலறை பிளக்கிலிருந்து இழுத்திருக்கிறார்களா என்பதையும் படத்தோடு கேளுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும். அதை வேறு பிளக்குகளோடு சேர்த்தால் எது கருகும் என்று சொல்லத் தேவையில்லை.

குளியலறைக்கு எத்தனை மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறது என்ற வரி அந்த அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். 1994 மின்சார ஒழுங்குமுறைகள், தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பும், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியரும், மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியரும் கேட்கின்றன. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு 100 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. மட்டும் இருக்கும். குளியலறையில் நனைந்து நிற்கும் ஆளைக் காப்பாற்ற அது போதாது. ஹீட்டரை மாட்டியது இரண்டு வருடத்துக்கு முன்புதான் என்பதால், "அந்தக் காலத்து வீடு, அப்போது சட்டம் இல்லை" என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது.

இனி, செலவு யாருடையது? மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. எனவே விடை உங்கள் அக்ரிமெண்டில்தான் இருக்கிறது. எடுத்து மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, வீட்டுக்காரர் கடமைகள் என்ற பகுதி. கூரை, சுவர், வடிகால், தண்ணீர்க் குழாய் என்று பட்டியல் இருக்கும். அதில் மின் வயரிங்கும் சேர்ந்திருந்தால் உங்கள் கை மிகவும் பலமானது. இரண்டு, வாடகைதாரர் கடமைகள். வீட்டின் உட்பகுதியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதி, "நியாயமான தேய்மானம் நீங்கலாக" என்று முடித்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள். பல பத்தாண்டு ஓடிய வயரின் உறை தானாக உதிர்வது தேய்மானம்தான். எட்டு மாதம் குடியிருந்தவர் புதிய வயரிங் போட்டுக் கொடுக்கும் கடமை அந்த வரியிலிருந்து பிறக்காது. மூன்று, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்ற விதி. நீங்களே ஆள் வைத்து வயரிங்கை மாற்றினால், செலவும் போய், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பெயரும் உங்களுக்கே வரும்.

அக்ரிமெண்டில் வயரிங் பற்றி யார் கடமையும் எழுதவில்லை என்றால் நிலைமை கடினம். சாமான் இல்லாமல் வெறும் வீடாக வாடகைக்கு விட்டவர், அது குடியிருக்கத் தகுதியானது என்று தானாகவே உறுதி தந்ததாகப் பொதுச்சட்ட மரபு எடுத்துக்கொள்வதில்லை. அப்போதும் ஹீட்டரை மாட்டியவர் அவர், தகுதியில்லாத ஆளை அனுப்பி பிரேக்கரை மாற்றியவர் அவர் என்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. பழைய குறைக்கு அவர் பொறுப்பில்லை என்று வாதாடலாம், தானே செய்துவைத்த ஆபத்துக்கு அப்படி வாதாடுவது கடினம்.

இங்கே பலர் சறுக்குவது அறிவிப்பில். வீட்டின் உள்ளே இருக்கும் குறையைப் பொறுத்தவரை, வீட்டுக்காரரின் பழுதுபார்க்கும் கடமை அவருக்குத் தெரிவித்த பிறகே தொடங்குகிறது. வாசலில் நின்று வாயால் சொன்னதை அவர் நாளை மறுத்துவிடலாம். எனவே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, சோதனை அறிக்கை என்ன சொல்கிறது, அக்ரிமெண்டின் எந்த விதி, 14 நாளுக்குள் பதிவு பெற்ற கான்ட்ராக்டரை வைத்து வேலையைத் தொடங்க வேண்டும், ஹீட்டரும் 32 ஆம்பியர் பிரேக்கரும் உடனே சரிசெய்யப்பட வேண்டும் என்று எழுதி, அறிக்கையின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதையே வாட்சாப்பிலும் அனுப்புங்கள். அவர் ஆளை அனுப்பியபோது நடந்த வாட்சாப் பேச்சை அழிக்காதீர்கள். குறை அவருக்கு எப்போதோ தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கூடவே அக்ரிமெண்டில் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை 1949 முத்திரைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கவிடாது. கட்டவில்லை என்றால் தாமதத்துக்கான அபராதத்தோடு இப்போதும் கட்டலாம். வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வாடகைக்கு வருகிறேன். நீங்கள் வாடகையை நிறுத்திய மறுமாதமே பேச்சு வயரிங்கிலிருந்து பாக்கிக்கு மாறிவிடும். இதுவரை தவறு செய்தவர் அவர், அன்றிலிருந்து தவறு செய்தவர் நீங்கள். எந்தக் கழிவும் இல்லாமல் வாடகை கட்ட வேண்டும் என்ற விதி பல அக்ரிமெண்டுகளில் உண்டு. செலவை நீங்கள் போட்டு வாடகையில் கழிப்பது என்றால், எவ்வளவு, எத்தனை மாதம் என்று அவர் கையெழுத்தோடு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

காலி செய்யச் சொல்லி மிரட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒரு வாடகைதாரரை அவர் வெளியேற்ற முடியாது. பூட்டு மாற்றினாலோ, கரண்டைத் துண்டிக்க வைத்தாலோ போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள், நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். வருமானம் குறைவு என்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். மின் ஆபத்து குறித்து எரிசக்தி ஆணையத்தின் வட்டார அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு கொடுங்கள்: ஆபத்து என்று கண்டால் அவர்கள் மின் இணைப்பையே நிறுத்தச் சொல்லக்கூடும். பிள்ளைகளோடு இருப்பவர்கள் தங்க ஓர் இடம் பார்த்துவைத்துவிட்டு இந்தப் படியை எடுப்பது நல்லது.

14 நாளில் பதில் வராவிட்டால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 100,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கும். சோதனைக் கட்டணம், கருகிப்போன சாமான் ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்திருக்கலாம் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆபத்து என்று தெரிந்தும் ஹீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும். பாதியில் வீட்டை விட்டுப் போவதாக இருந்தால், வைப்புத்தொகையை அவர் பிடித்துக்கொள்ள இடம் தராதபடி, போகும் முன் அந்த முடிவையும் காரணத்தையும் வழக்கறிஞர் கடிதமாகவே அனுப்புங்கள்.

வீட்டுக்காரர் இறங்கிவந்து வேலையைச் செய்யச் சம்மதித்தால், எத்தனை பாயிண்ட், எந்த வயர் எத்தனை கனம் என்று பிரித்த குவோட்டேஷனின் நகலைக் கேளுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, வாட்டர் ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. பழைய வயரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் புதிதாக மாற்றித் தந்தால் ஏற்க வேண்டாம். வேலை முடிந்ததும் கான்ட்ராக்டர் தரப்பில் இரண்டு சான்றிதழ் தர வேண்டும்: மேற்பார்வையிட்டு முடித்ததற்கான பாரம் ஜி, சோதித்ததற்கான பாரம் எச். இரண்டின் நகலும் கைக்கு வந்த பிறகு, ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அவர் முன்னாலேயே அழுத்தி அது விழுவதைப் பார்த்துவிட்டு, ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை எடுங்கள்.