தொண்டி வளாகத்தில் படித்தால் பட்டத்துக்கு மதிப்பு குறையுமா?

வணக்கம் அம்மா. விலங்கியல் பி.எஸ்சி. முடிக்கப்போகும் மகள் கடலியல் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். அழகப்பா பல்கலைக்கழகம் என்றதும் காரைக்குடி என்று நினைத்திருந்தீர்கள். அந்தத் துறை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான தொண்டியில் இருப்பது தெரிந்ததும் தயங்குகிறீர்கள். "கிளையில படிச்சா யாரு மதிப்பா?" என்பதுதான் உங்கள் கேள்வி. பட்டம் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

வள்ளல் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அந்தக் கல்வி நிலையங்களின் மேல்தான் 1985-ல் தமிழக அரசு பல்கலைக்கழகத்தை அமைத்தது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் அதே ஆண்டுதான். காரைக்குடி சிவகங்கைப் பக்கம் போனது, கடற்கரை இராமநாதபுரத்தோடு நின்றது. பிற்பாடு இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் இந்தப் பல்கலைக்கழகத்தின் இணைவுக்குள் வந்தன.

காரைக்குடியில் கடல் இல்லை. கடலியலும் கடலோர ஆய்வும் தொண்டியில் இருப்பதற்கு அதுதான் காரணம், இடப் பற்றாக்குறை அல்ல. இந்தக் கரையில் இது புதிதும் இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை இராமேசுவரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் முகாமைத் தலைமையிடமாக வைத்திருந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமே இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்து உப்புக்காற்றைத் தேடி வந்தது. கடலைப் படிக்கிறவர்களுக்குக் கரைதான் தலைமையகம்.

நீங்கள் கேட்டுத் தெளிய வேண்டியது வேறு. அழகப்பா என்ற ஒரே பெயரில் பல்கலைக்கழகத் துறை, இணைவுக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி என மூன்று வழி இருக்கின்றன. விண்ணப்பத்தில் மகள் எதில் சேர்கிறாள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அடுத்து, பட்டத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பின்னால் அழுவது பெரும்பாலும் இதில்தான். அரசு வேலை அறிவிக்கையில் "விலங்கியல்" அல்லது "கடல்வாழ் உயிரியல்" என்று இருக்கும். கையில் உள்ள பட்டத்தின் பெயர் வேறாக இருக்கும். இரண்டும் சமம் என்று அரசாணை இருந்தால் தேர்வாணையம் ஏற்கும். ஆனால் அந்த அரசாணை அறிவிக்கைத் தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அரசாணையைத் தேடினால் பலன் இல்லை. சேரும்போதே துறையில் கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா, எண் என்ன?

தமிழ்வழி 20 சதவீத ஒதுக்கீட்டை நம்பியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வகுப்பிலிருந்து வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். எம்.எஸ்சி. கேட்கும் பணிக்கு ஆங்கிலவழி எம்.எஸ்சி.யோடு போனால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பட்டப்படிப்புத் தகுதி மட்டும் கேட்கும் பணியென்றால், அதுவரை தமிழ்வழியில் படித்தவருக்குக் கிடைக்கும்.

ஆய்வேட்டுக் காலம் தனியாகத் திட்டமிட வேண்டியது. கடைசிப் பருவம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இழுவலை மீனை வைத்து ஆய்வு செய்கிற பிள்ளை ஜனவரியிலேயே மீன் இறங்குதளத்தில் மாதிரி எடுக்கத் தொடங்காவிட்டால், ஏப்ரலில் தளம் வெறிச்சோடிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன், கடல்புல், பாசி என்று தலைப்பை எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் கடல்புல் ஆய்வுக்கு நல்ல இடமும்கூட. மிதவை உயிரிகளை (பிளாங்டன்) எடுத்தால் ஒரு சின்ன விஷயம்: மாதிரியைப் போட்டு வைக்கும் ஃபார்மலினில் வெண்காரம் (போராக்ஸ்) கலந்து அமிலத்தன்மையைக் குறைக்க வேண்டும். விட்டுவிட்டால் சுண்ணாம்பு ஓடுள்ள உயிரிகளின் ஓடு சில வாரங்களில் கரைந்துபோகும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது எது எதுவென்றே பிரிக்க முடியாது. மூன்று மாத உழைப்பு ஒரு பாட்டிலுக்குள் போய்விடும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கடலியலுக்கென்று தனித்தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாள், அல்லது புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் தாள் எழுத வேண்டும். விலங்கியல் படித்த உங்கள் மகளுக்கு முதலாவதே கைகொடுக்கும். அதை எம்.எஸ்சி. முதல் பருவத்திலேயே முடிவுசெய்து படிக்கட்டும். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஆராய்ச்சி வேண்டாம், வேலைதான் வேண்டும் என்றால் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. பண்ணை வேலையில் விடியலுக்கு முன் எழுந்து குளத்தில் கரைந்த ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும். அது மிகக் குறைவது அந்த நேரத்தில்தான். அந்த வாழ்க்கை மகளுக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள் தீர்மானிக்காமல் அவளிடமே கேளுங்கள். தொண்டிப் பக்கம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 127 கோடிக்கு மேல். பாசி வளர்ப்பு, திசு வளர்ப்புப் பயிற்சி உள்ளவர்கள் அந்த அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பணக் கணக்கில் ஒன்று: புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் பட்டம் முடிவதோடு நின்றுவிடும். அதை எம்.எஸ்சி. செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆய்வுக் காலத்தில் படகு வாடகை, வேதிப்பொருள் செலவைத் துறை ஏற்கிறதா, மாணவர் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

தொண்டிக்கு ரயில் கிடையாது, பஸ்தான். சேருவதற்கு முன் ஒரு வேலைநாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பெண்கள் விடுதி எங்கே, ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கடலுக்குப் போகும் நாளில் உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் கொடுக்கிறார்களா, உடன் பெண் ஆசிரியர் வருவாரா என்று விசாரியுங்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளில் யாராவது இரண்டு பேரிடம் தனியாகவும் பேசிப் பாருங்கள்.