மினசோட்டா மாநிலப் பொருட்காட்சி: கால்நடை மருத்துவரிடம் சில கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் மகள் வீட்டில் தங்கிய கோடைகளில் நான்கு முறை மினசோட்டா மாநிலப் பொருட்காட்சியைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க அங்கே செல்லவிருக்கும் நம் மாவட்டத்தார் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒருவர்: ஐயா, அது எப்போது நடக்கும்? நம் ஊர்ப் பொருட்காட்சி போலத்தானா?

ஆகஸ்டு இறுதியில் ஒரு வியாழக்கிழமை தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும். ஆக, 12 நாள். 1859இல் தொடங்கிய இந்தக் காட்சிக்கு இப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வருகிறார்கள். மண்டைக்காட்டுக் கொடையின் கூட்டத்தையும் கடைவீதியையும் எடுத்து, அதனோடு அரசுப் பொருட்காட்சியின் அரங்குகளையும் ஒரு பெரிய மாட்டுச் சந்தையையும் சேர்த்துப் பாருங்கள், ஓரளவு பிடிபடும். வார நாளில், காலையிலேயே செல்லுங்கள். பலர் நுழைந்தவுடன் தின்பண்டக் கடைகளில் நின்றுவிட்டு, வெயில் ஏறிய பிறகு சோர்ந்துபோய்க் கொட்டில்களுக்கு வருகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: முதலில் கொட்டில்கள், பிறகு கை கழுவுதல், அதன் பிறகுதான் சாப்பாடு.

கருங்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை: நாங்கள் சைவம். சாப்பிட ஏதேனும் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும், அம்மா. சுட்ட மக்காச்சோளத்தை வெண்ணெயில் முக்கித் தருவார்கள். உருளைக்கிழங்கு வறுவல் உண்டு. ஒரு தொகை செலுத்தினால் வயிறு கொள்ளும்மட்டும் பால் குடிக்கலாம். ஆனால் பொரித்த பண்டங்களில் எச்சரிக்கை தேவை. இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் மற்றவற்றையும் பொரிக்கும் கடைகள் இருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டி அங்கே பெயர்பெற்ற பண்டம். பாலைத் திரிக்கச் சேர்க்கும் நொதி முற்காலத்தில் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் நொதியே மிகுதி. கண்டிப்பான சைவமென்றால் அதைத் தவிர்ப்பதே நிம்மதி.

குலசேகரத்திலிருந்து ஒருவர்: கன்றும் பன்றிக்குட்டியும் பிறப்பதை அங்கே நேரில் காட்டுவார்களாமே, அண்ணாச்சி? சரியாக அந்த 12 நாளில் எப்படிப் பிறக்கின்றன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'பிறப்பின் அற்புதம்' என்ற பொருள்படும் பெயருடைய அந்த அரங்கில் பசு, ஆடு, பன்றி ஆகியவை பொதுமக்கள் கண்முன்னே ஈனும். இதில் மாயம் ஒன்றுமில்லை, எல்லாம் நாட்கணக்கு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆகவே ஆகஸ்டு இறுதியில் ஈன வேண்டிய பசுவுக்கு முந்தைய நவம்பரின் மூன்றாவது வாரத்தில் செயற்கைக் கருவூட்டல் செய்திருக்க வேண்டும். பன்றிக்கு 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்போம். எனவே மே மாதத் தொடக்கத்தில் இணை சேர்த்தால் போதும்.

செம்மறியில்தான் சிக்கல். அதன் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள் என்பதால் ஏப்ரல் தொடக்கத்தில் இணை சேர வேண்டும். ஆனால் அந்தக் குளிர்நாட்டில் செம்மறி, பகற்பொழுது குறையத் தொடங்கும் இலையுதிர் காலத்தில்தான் இயல்பாகப் பருவத்துக்கு வரும். பருவம் தப்பிச் சினைப்படும் இனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும். பகலும் இரவும் ஆண்டு முழுவதும் பெரிதாக வேறுபடாத நம் ஊரில் வெள்ளாடு எந்த மாதமும் குட்டி போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் பிறந்த செம்மறிக்குட்டியை அங்கே பார்த்தால், அதன் பின்னால் ஒருவருடைய ஆறு மாதத் திட்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தின்பண்டத்தையோ குழந்தையின் பால்புட்டியையோ கொட்டிலுக்குள் கொண்டுசெல்லாதீர்கள். 2012இல் அமெரிக்காவில் பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய ஒருவகைக் காய்ச்சல் 300க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பொருட்காட்சிகளில் பன்றிகளின் அருகே சென்றவர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவர்: ராட்டினம் எப்படி?

உண்டு, தம்பி. நான் ஏறவில்லை. 1915 முதல் ஓடும் ஓர் இருட்டுக் கால்வாய்ப் படகில் மட்டும் பேத்தியோடு போனேன், நன்றாக இருந்தது.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: பெண்களின் தலையை வெண்ணெயில் செதுக்குகிறார்களாம். உண்ணும் பொருளை இப்படிப் பாழாக்கலாமா?

பால்வள இளவரசிப் போட்டியில் வென்ற பெண்ணைக் கண்ணாடிச் சுவருள்ள, சுழலும் குளிரறையில் அமர்த்தி, எதிரே 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ வெண்ணெய்க் கட்டியில் அவர் முகத்தைச் செதுக்குவார்கள். உள்ளே ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிர் என்பதால் அந்தப் பெண் கம்பளி மேலாடையும் கையுறையும் அணிந்திருப்பார். பாழாவதில்லை, செதுக்கிய தலை அந்தப் பெண்ணுக்கே சேரும். அதை ஊர்கூடி மக்காச்சோளம் உண்ணும் விருந்துக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

சுசீந்திரத்திலிருந்து ஒருவர்: மேலே கேட்டவருக்கு ஒரு கேள்வி. எங்கள் கோயிலில் 18 அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்துகிறோமே, அதுவும் பாழா?

நாகர்கோவில்காரர் மீண்டும்: அது பக்தி, இது விளம்பரம். இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான்கு விழுக்காடு கொழுப்புள்ள பாலில் ஒரு கிலோ வெண்ணெய் எடுக்க 20 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே அந்த ஒரு தலைக்கு ஏறத்தாழ 850 லிட்டர் பால். நாளொன்றுக்கு 30 லிட்டர் கறக்கும் பசுக்கள் இருக்கும் அந்த மாநிலத்தில் அது ஒரு பசுவின் நான்கு வாரக் கறவை. நம் ஊரில் இரண்டு பசு வைத்திருக்கும் வீட்டுக்கு அது பல மாத வருமானம். எனவே, பாழா இல்லையா என்பது எந்தத் தொழுவத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. விளம்பரம் என்று நாகர்கோவில்காரர் சொல்வது உண்மைதான். பால் விற்பவர்கள் பாலைக் கொண்டாடுகிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பக்கத்து அயோவா மாநிலத்தின் பொருட்காட்சியில் முழுப் பசுவையே வெண்ணெயில் வனைவார்கள். அந்த வெண்ணெயைச் சேமித்து ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

சுசீந்திரத்துக்காரர்: எங்களுக்குக் குளிரறை தேவைப்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பதிவு செய்துகொண்டேன். கருங்கல்லின் மேல் மெல்லிய பூச்சாகச் சாத்துவது வேறு, 41 கிலோக் கட்டியில் மூக்கையும் காதையும் கூர்மையாகச் செதுக்குவது வேறு. அறை வெப்பத்திலேயே வெண்ணெய் குழைந்துவிடும். குழைந்ததில் காது நிற்காது. இந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர்: வெஜ் கிடைக்குமா?

கருங்கல் ஆசிரியைக்கு எழுதியதைப் படியுங்கள்.

தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி: பூ அலங்காரம் ஏதும் உண்டா?

பூவைக் காட்டிலும் நீங்கள் பார்க்க வேண்டியது விதைச் சித்திரம். மினசோட்டாவில் பயிராகும் செடிகளின் விதைகளை மட்டுமே பசையிட்டு ஒட்டி, முகங்களையும் காட்சிகளையும் உருவாக்கியிருப்பார்கள். காட்டுச் செடிகளின் விதைக்கு அனுமதியில்லை. அருகில் சென்றால் கடுகு போன்ற மணிகள். நான்கடி பின்வாங்கினால் ஒரு முகம். அரளியைச் சதுரமாக மடித்து மாணிக்க மாலை கட்டும் உங்கள் ஊர்க்காரருக்கு அந்தப் பொறுமையின் அளவு என்னைவிட நன்றாகப் புரியும். வரிசை நீளமாக இருக்கும், நின்று பாருங்கள்.

குளச்சலிலிருந்து ஒருவர்: ஏன் எல்லாவற்றையும் குச்சியில் செருகி விற்கிறார்கள்?

நடந்துகொண்டே ஒரு கையால் தின்னலாம், தட்டும் வேண்டாம் என்பதுதான் காரணம். 'மெல்லப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள்' என்னும் பொருள்படத் தியடோர் ரூஸ்வெல்ட் பேசியதும் இதே பொருட்காட்சியில்தான், 1901 செப்டம்பர் 2இல். அன்று துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர் 12 நாளில் குடியரசுத் தலைவரானார். அந்தத் தடிக்கும் இந்தக் குச்சிக்கும் தொடர்பில்லை.

திருவட்டாறிலிருந்து ஒருவர்: விசா நேர்காணலில் இதைச் சொல்லலாமா? அங்கே சைவ உணவு...

முதல் கேள்வி என் துறை அல்ல. இரண்டாவதற்கு இரண்டு முறை பதில் வந்துவிட்டது.

இரணியலிலிருந்து ஒரு மகள்: என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லுங்கள், ஆனால் எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். வாகனத்தை வெளியிலுள்ள இலவச நிறுத்தத்தில் விட்டால், அங்கிருந்து வாயிலுக்குக் கட்டணமில்லாப் பேருந்து உண்டு. மாடுகளைத் தரம்பிரிக்கும் களத்தைச் சுற்றி இருக்கைகள் இருக்கும். அங்கே அம்மாவை உட்காரவையுங்கள். வெள்ளுடையில் பிள்ளைகள் மாட்டைக் கயிறு பிடித்து நடத்திவர, நடுவர் ஏன் இதை முதலாவதாகவும் அதை இரண்டாவதாகவும் நிறுத்தினார் என்று ஒலிபெருக்கியில் காரணம் சொல்வார்: மடியின் கட்டு, காலின் நேர்மை, முதுகின் நிலை. ஆங்கிலம் புரியாவிட்டாலும், ஆயுளில் ஒரு பசுவையாவது வளர்த்தவருக்கு நடுவர் கை வைக்கும் இடத்தைப் பார்த்தாலே புரியும். உங்கள் அம்மா நடுவருக்கு முன்பே வரிசையைச் சொல்லிவிடுவார். திரும்பும்போது அவருக்கும் கை கழுவிவிடுங்கள்.