ஹிலி மணலில் ஓர் ஓட்டாஞ்சில்லு

கேள்வி: ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனபோது ஹிலி என்ற தொல்லியல் இடத்துக்கு அருகே மணலில் சிவப்பு ஓட்டாஞ்சில்லுகள் கிடந்தன. ஒன்றில் கறுப்புக் கோடுகள். பழையதா என்று எப்படி அறிவது? ஊருக்கு எடுத்து வந்து காட்டலாமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். அங்கே தொல்பொருளை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். தவிர, கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்த ஓடு தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அபுதாபி கலாச்சார, சுற்றுலாத் துறைக்குத் தெரிவியுங்கள்.

மெல்லிய சிவப்பு ஓட்டில் கறுப்புக் கோடு என்றால் அது உம் அல் நார் எனப்படும் வெண்கலக் காலப் பண்பாட்டின் காலத்தது, அதாவது கி.மு. 2000-க்கு முந்தையது, ஆக இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிற்காலத்தவரும் பானையில் வண்ணம் தீட்டினார்கள். குனிந்து உடைந்த ஓரத்தைப் பாருங்கள். இருபுறமும் சிவப்பாகவும் நடுவில் சாம்பல் பட்டையாகவும் இருந்தால், அது சூளையில் முழுதாக வேகவில்லை. உட்புறம் மெல்லிய வரிகள் சுற்றி ஓடினால் சக்கரத்தில் வனைந்தது. வாய்விளிம்பில் ஒரு விரல் நீளத் துண்டு இருந்தால் போதும், வளைவைக் கொண்டே பானையின் வாயகலத்தைக் கணக்கிட்டுவிடுவோம். கனத்த சேமிப்புச் சாடியின் துண்டு என்றால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அலைந்து திரிகிறவர்கள் அதைச் சுமந்துகொண்டு போக மாட்டார்கள். தானியம் சேர்த்து வைத்தவர்களின் வீட்டுப் பொருள் அது.

மக்கள் அங்கே எத்தனை காலம் நிலைத்திருந்தார்கள் என்பதை ஒற்றை ஓடு சொல்லாது, மண் அடுக்குகள்தான் சொல்லும். அல் ஐனை ஒட்டிய ஜெபல் ஹஃபீத் மலையடிவாரக் கல்லறைகளில், கி.மு. 3000-ஐ ஒட்டி, மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்த சிறு சாடிகள் கிடைத்தன. உள்ளூரில் பானை வனைவது அதற்குப் பிறகே வேரூன்றியது. ஹிலி 8 என்ற மேட்டில் பிரெஞ்சு அறிஞர் சேர்ஜ் க்ளூசியூ 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய அகழாய்வில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் குடியிருப்பு அடுக்கடுக்காக வெளிப்பட்டது.

கி.மு. 2000-க்குப் பிறகு, வாடி சூக் காலத்தில், குடியிருப்புகளின் தடயங்கள் குறைகின்றன. ஊரே காலியாகிவிட்டது என்று சிலர் அவசரப்படுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. தோல்பையிலும் ஓலைக்கூடையிலும் வாழ்க்கையை நடத்துகிறவர்கள் மண்ணில் ஓடு விட்டுச் செல்வதில்லை. பின்னர் கி.மு. 1000-ஐ ஒட்டி, ஃபலாஜ் எனப்படும் நிலத்தடி வாய்க்கால் நீரைக் கொண்டுவந்தபோது, ஹிலியிலும் அருகிலுள்ள ருமைலாவிலும் ஊர்கள் எழுந்தன. பானை ஓடுகளும் மறுபடி குவிகின்றன.

உங்கள் ஓட்டின் வயது தெரிய வேண்டுமானால் அருகில் கிடக்கும் மற்ற ஓடுகளையும் படம் எடுங்கள், கிளறாமல். அடுத்த விடுமுறையில் அல் ஐன் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்குள்ள முழுப் பானைகளோடு அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.