மருத்துவமனையில் குழந்தைகளுக்கான விளையாட்டு வல்லுநராவது எப்படி?

புதுச்சேரியில் உளவியல் இளங்கலை முடிக்கவிருக்கும் நீங்கள், இப்பணிக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைக்குப் பொழுதுபோக்குக் காட்டுவது இவ்வேலையின் சிறு பகுதிதான்; விளையாட்டின் வழியே அதைச் சிகிச்சைக்குத் தயார்ப்படுத்துவதே முக்கியப் பகுதி. கையில் ஊசி ஏற்றுவதற்கு முன், ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கையில் பஞ்சால் துடைத்து, மருந்து செலுத்தும் மெல்லிய குழாயை வைத்துக் காட்டி, பிளாஸ்திரியைக் குழந்தையிடமே கொடுத்து ஒட்டச் சொன்னால், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது அதற்குப் புரிந்து, தெரியாமையால் வரும் பயம் தணியும். ‘வலிக்கவே வலிக்காது’ என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுமுறை கையையே நீட்டாது.

அமெரிக்காவில் இதற்கு இளங்கலைப் பட்டம், குறைந்தது 600 மணி நேரப் பயிற்சி, சான்றிதழ்த் தேர்வு ஆகியவை வேண்டும்; பிரிட்டனில் தனிப் படிப்பும் பதிவு முறையும் உண்டு. நம் பகுதியில் இப்பெயரில் பணியிடம் அமைவது அரிது என்பதால், குழந்தை வளர்ச்சி அல்லது மருத்துவச் சமூகப்பணியில் முதுகலை படித்து அவ்வழியே நுழைவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கடலூர், விழுப்புரம் பக்கத்துக் குழந்தைகளும் வந்து தங்கும் ஜிப்மர் போன்ற மருத்துவமனையில், முறையான அனுமதி கிடைத்தால், படிக்கும்போதே தன்னார்வலராகச் சில மாதங்கள் இருந்து பாருங்கள். கழுவித் துடைக்க முடியாத துணிப் பொம்மைகளை அங்கே கொண்டுசெல்ல வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கு அவற்றால் தொற்று வரக்கூடும்.